நகக்கண்



போன மழைக்காலத்தில் ஒரு நாள். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் காலையிலேயே கூட்டம். உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணம், 5000 ரூபாய், கணக்கில் ஏறியிருந்தது. மரக்காணம் அளத்தில் முப்பது வருசமாக உப்பு வாரிய ஓர் ஆயா என் முன்னால் வந்து நின்றார். கட்டைவிரலை மிஷினில் வைத்தார். விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். விழவில்லை. இடதுகை, வலதுகை, பத்து விரலும் வைத்தாயிற்று. மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏம்பா, நாந்தாம்பா நானு. எம் பேருல வேற எவ வருவா?"

"எனக்குத் தெரியுது ஆயா. மிஷினுக்குத் தெரியல."

"ரேகைய உப்பு தின்னுடுச்சி. போய் மிஷின்காரனாண்ட சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆயாவும் சிரித்தார். நான் பழைய வழிக்கே போனேன். படிவம் எழுதி, சாட்சி போட்டு, விரலில் மை தடவி உருட்டினேன். தாளில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அதில் ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் மை தடவியபோது பிடித்திருந்த அந்த விரல் கண்ணைவிட்டுப் போகவில்லை. நகம் மஞ்சள் பாரித்து, தடித்து, நெடுக வரிவரியாக இருந்தது. நகக்கண் வெடித்து வெடித்துக் காய்த்துப் போயிருந்தது. எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கம்மாவும் அளத்துக்குப் போனவள்தான்.

அரசாங்கம் விரலின் முன்பக்கத்தைக் கேட்கிறது. நீ யார், நீதானா நீ என்று அதில்தான் பார்க்கிறது. விரலின் பின்பக்கத்தை யாரும் கேட்டதில்லை. உனக்கு என்ன ஆயிற்று, எதைக் குடித்தாய், எதில் நின்றாய், உடம்புக்குள் என்ன போயிற்று என்று கேட்பதானால் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தத் தலையங்கம் அந்தப் பின்பக்கம் பற்றியது.

நகம் செத்த பொருள் என்கிறோம். வெட்டினால் வலிக்காது, எறிந்தால் யாரும் தேட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை வெட்டாதே, விளக்கு வைத்த பிறகு வெட்டாதே என்பார்கள். நகத்தில் வெள்ளையாகப் பூ விழுந்தால் புதுத்துணி வரும் என்று சின்ன வயசில் எண்ணிக்கொண்டு திரிந்திருக்கிறோம். துணி வந்ததில்லை. (அந்தப் பூ பெரும்பாலும் நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடியின் தடம்தான்.) ஆனால் ஒரு வங்கிக் குமாஸ்தாவாக எனக்கு நகம் வேறு மாதிரி தெரிகிறது. அது உடம்பின் பாஸ்புக்.

எப்படி என்றால், நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கெரட்டினில் கந்தகம் நிறைய உண்டு. ஆர்செனிக், பாதரசம் போன்றவை கந்தகத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். நகம் வேரில் உருவாகும்போது அப்போது ரத்தத்தில் என்ன ஓடுகிறதோ அதில் துளித்துளி நகத்தில் ஏறி உறைந்துவிடுகிறது. பிறகு நகம் முன்னால் தள்ளப்படுகிறது. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால்நகம் அதில் பாதி வேகம், அதற்கும் குறைவு. கைநகம் முழுக்க மாற சுமார் 6 மாதம். கால் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு வருசத்திலிருந்து ஒன்றரை வருசம். ஆக, இன்று கால்நகத்தின் நுனியை வெட்டினால் கையில் வருவது ஏறத்தாழ ஒரு வருசத்துக்கு முந்தைய வரவுப் பதிவு. ரத்தத்தில் ஆர்செனிக் சில மணி நேரம்தான் நிற்கும், சிறுநீரில் சில நாள். நகத்தில் அது மாதக்கணக்கில் கிடக்கும்.

இருப்பது மிக மிகச் சின்ன அளவு. அதனால்தான் இவற்றுக்கு நுண்தனிமங்கள் என்று பெயர். செலினியம், துத்தநாகம், செம்பு, மாங்கனீசு போன்றவை கொஞ்சம் இல்லாவிட்டால் உடம்பு ஓடாது, மிஞ்சினால் கெடுதல். ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் உடம்புக்கு எந்த வேலையும் செய்யாதவை, கெடுப்பதைத் தவிர. இவ்வளவு சின்ன அளவையும் எடை போட இன்று கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் செவிலியர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வரும் ஓர் ஆய்வில் 1982 தொடங்கி 60,000க்கும் மேற்பட்ட செவிலியர்கள் தங்கள் கால்நகங்களை வெட்டித் தபாலில் அனுப்பினார்கள். நகம் அழுகாது. ஐஸ் வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு காகித உறை போதும். அந்த நகங்களை வைத்துச் செலினியத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார்கள். அங்கே செவிலியரின் நகத்துக்கு மதிப்பு இருந்தது.

இங்கே என்ன நடந்தது?

மேற்கு வங்கம், 1983. கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் கிராமத்து ஏழைகள் வந்தார்கள். மேலெல்லாம் கரும்புள்ளி, உள்ளங்கையிலும் பாதத்திலும் மரு மரு. ஊரில் அதைத் தொழுநோய் என்றார்கள். பெண்களைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள், பெண் எடுக்க மறுத்தார்கள். தொட்டால் தீட்டு என்பது நமக்குத் தெரிந்த கதைதானே, வியாதியின் பெயரால் அங்கே புதிதாக ஒரு தீட்டு பிறந்தது. சாஹா அதை ஆர்செனிக் நஞ்சு என்று அடையாளம் கண்டார். நஞ்சு வந்தது குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலிருந்து. குளத்துத் தண்ணீர் அசுத்தம், இதுதான் சுத்தம் என்று சொல்லிப் போட்ட கிணறுகள் அவை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் 2018இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்த் தண்ணீரோடு சேர்த்து மக்களின் முடியையும் நகத்தையும் சிறுநீரையும் ஆயிரக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்.

அந்த நகங்கள் என்ன சொல்லின? ஒரு கிலோ நகத்துக்கு 0.43 முதல் 1.08 மில்லிகிராம்வரை ஆர்செனிக் இருப்பது வழக்கமான அளவு என்று அந்த ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கிராமங்களில் தோலில் ஒரு புள்ளிகூட இல்லாதவர்களில் பெரும்பகுதியினரின் நகங்களில் அதைவிட அதிகம் இருந்தது. அதாவது, டாக்டர் பார்த்து "உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்பக்கூடிய ஆளின் நகம், "இருக்கு" என்றது. நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நகம் சாட்சி சொல்லியது. கிணற்றுக்குச் சிவப்பு அடி, வேறு தண்ணீர் கொடு என்று கேட்பதற்கு மக்கள் கையில் ஒரு ஆதாரம் கிடைத்தது.

வங்கத்துக்கு ஏன் போக வேண்டும், நம் மண்ணிலேயே உண்டு. தண்ணீரில் உள்ள ஃபுளூரைடு எலும்பை வளைக்கிறது என்பது இந்தியாவில் முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பக்கத்தில். எழுதியது ஷார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும். அதே மாகாணத்தில் இருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து சேர்ந்தது 2013இல். இடையில் 76 வருசம். எத்தனை தலைமுறை பழுப்புப் பல்லோடு சிரிக்க வெட்கப்பட்டு வாயைப் பொத்தியது? பல் பழைய கணக்கைச் சொல்லும், குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரின் கணக்கை. போன வருசம் குடித்ததன் கணக்கை நகம் சொல்லும், ஃபுளூரைடும் நகத்தில் ஏறும். புதுத் தண்ணீர் வந்தபிறகு ஊரில் கோளாறு உண்மையிலேயே குறைந்ததா, இல்லை, காலனிக் குழாயில் மட்டும் இன்னும் பழைய போர்த்தண்ணிதான் வருகிறதா என்று ஒரு கைப்பிடி நகம் சொல்லிவிடும்.

இப்போது நம் அளத்துக்கு வருவோம். நுண்தனிமம் பற்றிப் பேச உப்பளத்தைவிடப் பொருத்தமான இடம் உண்டா? கடையில் வாங்கும் உப்பில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாங்குகிறவர் கைக்கு வரும்போது ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்று சட்டம். அயோடின் இல்லாத உப்பை மனிதர் உண்ண விற்கக் கூடாது என்று 1998இல் தடை, 2000இல் விலக்கல், 2006இல் மறுபடி தடை. 2014இல் தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்த இரட்டைச் செறிவு உப்பை அம்மா உப்பு என்று கொண்டுவந்தது. நாட்டின் கழுத்துக் கழலையை, பிள்ளைகளின் மூளையை, கர்ப்பிணிகளின் ரத்தத்தைக் காப்பாற்றும் நுண்தனிமங்களுக்கு வாகனம், அளத்தில் வெறுங்காலோடு நின்று பெண்கள் வாரும் உப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். உப்பிட்டவரின் உள்ளே என்ன அளவு இருக்கிறது என்று யாராவது நினைத்தோமா?

ஃபூக்கோவைப் படித்த தோழர்கள் உடல் மீதான அதிகாரம் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். நம் உடம்பை இதுவரை யார் அளந்தார்கள் என்று பாருங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் இடுக்கியால் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. ரிஸ்லி என்ற அதிகாரி மூக்கின் அகலத்தை வைத்துச் சாதிக்கு மேல் கீழ் சொன்னார். அளந்தவன் நமக்கு ஒரு முடிவையும் காட்டவில்லை. அளவுக்காரன் ஒரு பக்கம், அளக்கப்பட்டவன் ஒரு பக்கம்.

அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார்? அளவு என்றாலே மோசடி என்று ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. 1948இல் வந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் அதே மூக்களவுகளை எடுத்து வைத்து, இதை நீங்கள் நம்பினால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் வருகிறது என்று அவர்கள் கணக்கை அவர்கள் தலையிலேயே கட்டினார். நமக்கு அதில் பாடம் இருக்கிறது. நம்மைத் தரம் பிரிக்க நம் மூக்கை அளந்தார்கள். நமக்குச் செய்யப்பட்டதை நிரூபிக்க நம் நகத்தை நாம் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கோரிக்கை வைப்பவர்களுக்குத் தெளிவு வேண்டும், இல்லாவிட்டால் எதிராளி ஒரே கேள்வியில் நம்மை மடக்கிவிடுவான். நகம் எல்லாம் சொல்லிவிடாது. ஆர்செனிக், பாதரசம், செலினியம் விஷயத்தில் நகம் நம்பத்தக்க சாட்சி. துத்தநாகக் குறைவை நகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல தனிமங்களுக்கு இவ்வளவு இருந்தால் சரி, இவ்வளவு இருந்தால் தப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லையே இல்லை. அதனால் அளத்துக்குப் போகிறவர்களின் நகத்தை அதே ஊரில் போகாதவர்களின் நகத்தோடு ஒப்பிட வேண்டும். வெளியிலிருந்து ஒட்டுவதும் உண்டு. மருதாணி, நகப்பூச்சு, மண் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். வருசம் பூராவும் உப்புத்தண்ணியில் ஊறிய நகத்தில் இருப்பது ரத்தத்திலிருந்து வந்ததா, பாத்தியிலிருந்து ஏறியதா? முறையாகக் கழுவிய பிறகும் இந்தச் சந்தேகம் முழுசாகப் போகாது. மற்ற இடங்களில் செருப்பும் பூட்சும் காக்கும் என்று கால்நகத்தை எடுப்பார்கள். நம் பெண்களுக்கு அந்தக் காப்பும் இல்லை. இதையும் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். நகத்தை, முடியை அனுப்பு, உன் உடம்பில் என்ன குறை என்று சொல்கிறோம், மாத்திரையும் தருகிறோம் என்று கடை விரிப்பவர்களிடம் ஏமாறவும் கூடாது.

இன்னொன்று. அளத்தில் உடம்பைத் தின்னும் முதல் எதிரி வெயில். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான எல்லைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருப்பதையும் கண்டார்கள். ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்ணின் சிறுநீரகத்தை நகம் காட்டாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான். உப்பின் வெள்ளையில் கூசிக் கூசிக் கெடும் கண்ணுக்குக் கண் டாக்டர். நிழல் கொட்டகை, குடிதண்ணீர், கழிப்பறை, கம்பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, இவை வேண்டும் என்று சொல்ல எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. நகத்தால் கிள்ளுவதற்குக் கோடாலி எதற்கு? ஆய்வு முடியட்டும், பிறகு கொட்டகை போடலாம் என்று எவனாவது சொன்னால், அவன் ஆய்வைக் கேட்கவில்லை, அவகாசத்தைக் கேட்கிறான் என்று பொருள்.

அவகாசம் என்பது என்ன செய்யும் என்பதற்குக் கொடைக்கானல் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, இந்துஸ்தான் லீவருடையது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை மக்கள் அம்பலப்படுத்தியதும் 2001இல் மூடினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்படிக்கைக்கு வந்தது 2016இல். உள்ளே போன பாதரசத்தில் பாதி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் உடம்பைவிட்டு வெளியேறிவிடும், ஆனால் அது செய்த சேதம் கூடவே இருக்கும். பதினைந்து வருசம் கழித்து ரத்தத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? நகமும் அப்படித்தான். வெட்டி எறிந்துகொண்டே இருக்கிறோம், சாட்சி குப்பைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. உடம்பின் பதிவு வேலை நடக்கும்போதே எடுக்கப்பட வேண்டும், மூடிய பிறகல்ல. எடுத்த பதிவு தொழிலாளியிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை. உப்பளம், கல்குவாரி, தோல்பதனிடும் ஆலை, சாக்கடை, இந்த வேலைகளில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வருசத்துக்கு ஒரு முறை இலவச முழுப் பரிசோதனை. எந்த வேலைக்கு எந்தச் சோதனை பொருந்துமோ அது: குவாரித் தூசிக்கு நெஞ்சுப் படம், வெயிலுக்குச் சிறுநீரகச் சோதனை, உலோகமும் கெட்ட தண்ணியும் உள்ள இடத்தில் நகம். எடுக்கும்போது எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்டு எடுக்க வேண்டும். இது நம் ஆசை மட்டுமில்லை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே சம்மதமில்லாமல் தொடக்கூடாது என்கின்றன. நகத்தில் டிஎன்ஏவும் இருக்கிறது, அதைப் பெட்டியில் வைத்திருப்பவன் நம் வம்சத்தையே வைத்திருக்கிறான். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்ற எழுத்து வேண்டும். முடிவு தமிழில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர் கையிலேயே தரப்பட வேண்டும். இன்னொருத்தரின் பாஸ்புக்கை மேலத்தெருக்காரர் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த காலத்தை நாம் பார்த்தவர்கள். உடம்பின் பாஸ்புக்கும் அப்படிப் போகக்கூடாது.

வேதியியல் படிக்கும் மாணவத் தோழர்களே, உங்கள் துறைகளில் இந்தக் கருவிகள் இருக்கின்றன, அல்லது பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலையும்போது உங்கள் அம்மாவின் கால்நகத்தை ஒரு முறை பாருங்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் அந்த ஆயாவைக் காலனியில் போய்ப் பார்த்தேன். திண்ணையில் குந்தியிருந்தார். இந்த விஷயத்தை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க நகத்துல இன்னாப்பா இருக்கப் போவுது? உப்புதான் இருக்கும்."

"இருக்கலாம் ஆயா. பாத்தாத்தானே தெரியும்."

"செரி, வெட்டிக்கினு போ. ஆனா இன்னா இருக்குன்னு எனக்கு வந்து சொல்லணும். டாக்டராண்ட சொல்லிட்டு, பேப்பர்ல போட்டுட்டு, நீ பாட்டுக்குப் பூடாத."

நான் இன்னும் வெட்டவில்லை. போய்ச் சொல்ல முடியும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் வெட்டுவதாக இருக்கிறேன். அந்த உறுதியை வாங்குவதுதான் நம் வேலை.

தோழமையுடன்,
ஆசிரியர்
வானூர்